சாயத்துக்கு அடியில் இருப்பது என்ன?

ஒவ்வோர் ஆண்டும் தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எங்கள் வீவக வீட்டின் இரும்பு கேட்டுக்கு அப்பா சாயம் பூசுவார். சனிக்கிழமை காலையில் ஒரு டின் வாங்கி வருவார். ஈரத் துணியால் ஒரு துடைப்பு. அடுத்தது நேரே தூரிகைதான். தீபாவளியன்று கேட் பளபளக்கும். வீட்டுக்கு வருபவர்கள் பாராட்டுவார்கள். ஆனால் சீனப் புத்தாண்டு வருவதற்குள் கீழ்க் கம்பிகளில் சிறுசிறு கொப்புளங்கள் கிளம்பிவிடும். விரல் பட்டால் சாயம் ஏடாக உரிந்து வரும். அடியில் பழுப்பு நிறத்தில் துரு தெரியும்.

“இப்பல்லாம் பெயிண்டுல தரமே இல்ல” என்று சொல்லிவிட்டு, மறு ஆண்டு அப்பா வேறு நிறுவனத்தின் டின்னை வாங்குவார். நானும் அதை நம்பினேன். பழி எப்போதும் சாயத்தின்மீதே விழுந்தது. சாயத்துக்கு அடியில் என்ன இருந்தது என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை.

அந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தது என் வேலையிடப் பயிற்சி. பலதுறைத் தொழிற்கல்லூரியில் கடல்துறைப் பொறியியல் படிக்கும் நான், துவாஸ் வட்டாரத்தில் உள்ள ஓர் இரும்பு வேலைப் பட்டறையில் ஆறு மாதம் பயிற்சி பெற்றேன். சாயப் பாதுகாப்புப் பிரிவுக்கு அனுப்பினார்கள். எனக்குச் சற்று ஏமாற்றம்தான். நண்பர்கள் கப்பல் இயந்திரங்களோடும் மென்பொருளோடும் வேலை செய்ய, நான் மட்டும் ‘பெயிண்ட் அடிக்கும் இடத்தில்’ மாட்டிக்கொண்டதாக நினைத்தேன்.

முதல் வாரத்தில் நான் ஒரு சொட்டுச் சாயத்தைக்கூடப் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் கழுவுதல், துடைத்தல், அரைத்தல், துருவை அடித்து நீக்குதல், தூசியை உறிஞ்சி எடுத்தல், அளத்தல். மறுபடியும் அளத்தல். கடைசியில் சாயம் தெளிப்பவர் வந்து ஒரே மதியத்தில் வேலையை முடித்துவிட்டுப் போனார். இரண்டு நாளைய வேலைக்குப் பிறகு இரண்டு மணி நேரச் சாயம். “இவ்வளவு நேரத்தை எதற்கு வீணாக்குகிறார்கள்?” என்றுதான் அன்று நினைத்தேன்.

இன்று வேறு விதமாக நினைக்கிறேன். இரும்பின்மீது பூசும் சாயம் எத்தனை ஆண்டு நிற்கும் என்பதில் பெரும்பகுதி, டின்னைத் திறப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. அப்படி முடிவு செய்யும் வேலைக்கும் அதைச் செய்பவர்களுக்கும் நாம் கொடுக்கும் மதிப்பு மிகக் குறைவு. அடுத்த சில ஆண்டுகளில் இத்தகைய வேலைகளுக்குக் கையெழுத்துப் போடப்போகிறவர்கள் நாம் என்பதால் இதைப் பற்றி எழுதுகிறேன்.

இரும்பின்மேல் ஒளிந்திருப்பவை

ஆலையிலிருந்து புதிதாக வரும் எஃகுத் தகடு சுத்தமாகத்தான் தோன்றும். உண்மையில் அதன்மேல் கருநீலத்தில் ஒரு படலம் இருக்கும். சூடான எஃகை உருளைகளுக்கு இடையே அழுத்தித் தகடாக்கும்போது உருவாகும் இந்தப் படலத்துக்கு மில் ஸ்கேல் என்று பெயர். தொட்டால் உறுதியாக இருக்கும். ஆனால் வெயிலிலும் குளிரிலும் எஃகு விரிந்து சுருங்கும்போது அது வெடித்து உதிரும். அதன்மேல் பூசிய சாயமும் கூடவே உதிரும். வெடிப்பில் வெளிப்படும் எஃகு, படலம் இல்லாத எஃகைவிட வேகமாக அரிக்கும். ஈரம் பட்டால் படலமும் எஃகும் சேர்ந்து ஒரு சிறிய மின்கலம்போல் செயல்படுவதே அதற்குக் காரணம்.

அடுத்தது எண்ணெய். வெட்டும் இயந்திரத்திலிருந்தும் கிரேன் சங்கிலியிலிருந்தும் கை விரல்களிலிருந்தும்கூட எண்ணெய் ஒட்டுகிறது. இதில் வரிசை முக்கியம். எண்ணெயை நீக்காமல் கம்பித் தூரிகையால் தேய்த்தால் எண்ணெய் போகாது, பரவும். பிளாஸ்டிங் செய்தால் எண்ணெய் துகள்களோடு கலந்து மற்ற இடங்களுக்கும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே முதலில் கழுவ வேண்டும், பிறகுதான் துருவை நீக்க வேண்டும். எங்கள் வீட்டு கேட்டில் இந்த இரண்டில் ஒன்றுகூட நடந்ததில்லை.

மூன்றாவது உப்பு. கண்ணுக்குத் தெரியாத எதிரி இது. துவாஸ் கடலோரம். காற்றிலேயே உப்பு இருக்கிறது. துருவை முழுவதும் அடித்து எடுத்து, எஃகு வெள்ளியைப்போல் மின்னினாலும், அதன் நுண்ணிய பள்ளங்களில் உப்பு தங்கியிருக்கலாம். சாயம் எவ்வளவு தடித்திருந்தாலும் நீராவி மிக மெதுவாக அதை ஊடுருவும். அடியில் உப்பு இருந்தால் அது நீரைத் தன் பக்கம் இழுக்கும். நீர் சேரச் சேரச் சாயம் மேலெழும்பிக் கொப்புளமாகும். உயர்நிலைப் பள்ளி அறிவியலில் படித்த சவ்வூடுபரவல்தான் இது. உருளைக்கிழங்குத் துண்டை உப்பு நீரில் போட்டுப் பார்த்தோமே, அதே பாடம் கப்பல் தகட்டிலும் நடக்கிறது.

கடைசியாகத் தூசியும் ஈரமும். தூசியின்மேல் பூசிய சாயம் தூசியைத்தான் பிடித்துக்கொள்ளும், எஃகை அல்ல. ஈரத்தின்மேல் பூசியதும் அப்படியே.

கண் போதாது, அளவு வேண்டும்

‘சுத்தம்’ என்ற சொல்லுக்கு ஆளாளுக்கு ஒரு பொருள் உண்டு. அதனால்தான் இந்தத் துறை அதற்கு அளவுகளை வைத்திருக்கிறது. ஐஎஸ்ஓ 8501 என்ற தரநிலை, துருவின் அளவை ஏ முதல் டி வரை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது. பிளாஸ்டிங் செய்த பிறகான தூய்மையை எஸ்ஏ 1, எஸ்ஏ 2, எஸ்ஏ 2½, எஸ்ஏ 3 என்று வகுக்கிறது. ஒவ்வொரு நிலைக்கும் வண்ணப் படங்கள் உண்டு. படத்தை எஃகின் அருகில் பிடித்து ஒப்பிட வேண்டும். கடல் சார்ந்த வேலைகளில் பெரும்பாலும் கேட்பது எஸ்ஏ 2½. அதாவது எண்ணெய், துரு, மில் ஸ்கேல், பழைய சாயம் எதுவும் கண்ணுக்குத் தெரியக்கூடாது. புள்ளியாகவோ கோடாகவோ லேசான கறை மட்டும் இருக்கலாம்.

பிளாஸ்டிங் என்பது அழுத்தப்பட்ட காற்றில் கூர்மையான துகள்களைக் கலந்து எஃகின்மீது வேகமாக அடிப்பது. முன்பு மணலைப் பயன்படுத்தியதால் பலர் இன்னும் ‘சேண்ட் பிளாஸ்டிங்’ என்றே சொல்கிறார்கள். மணலில் உள்ள சிலிக்காத் தூசி நுரையீரலைக் கெடுப்பதால் காப்பர் ஸ்லாக், கார்னெட், எஃகுத் துகள் போன்றவை அதன் இடத்துக்கு வந்துவிட்டன. இந்த அடி துருவை நீக்குவதோடு எஃகைச் சொரசொரப்பாகவும் ஆக்குகிறது. சாயம் பிடித்துக்கொள்ள அந்தச் சொரசொரப்பு தேவை. புதிய கப்பல்களின் நிலைப்படுத்தும் நீர்த்தொட்டிகளுக்கு அது 30 முதல் 75 மைக்ரான்வரை இருக்க வேண்டும் என்பது விதி. நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். அதற்குள் அடங்கும் மேடுபள்ளங்கள் அவை.

உப்புக்கும் வரம்பு உண்டு. அதே நீர்த்தொட்டிகளில் ஒரு சதுர மீட்டருக்கு 50 மில்லிகிராமுக்குமேல் இருக்கக்கூடாது. ஒரு தேக்கரண்டி உப்பை நூறு பங்காகப் பிரித்து, அதில் ஒரு பங்கை மேசை அளவுள்ள இடத்தில் தூவினால் எவ்வளவு இருக்கும்? அவ்வளவுதான் அனுமதி. கண்ணால் இதைப் பார்க்க முடியாது. எஃகின்மேல் ஒரு சிறிய ஒட்டுப்பையை ஒட்டி, அதில் தூய நீரை ஊசியால் செலுத்தி, வெளியே எடுத்து, அதன் மின்கடத்தும் திறனை அளந்தே கண்டுபிடிக்க வேண்டும்.

ஈரத்துக்கும் அப்படித்தான். காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. எஃகின் வெப்பநிலை பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் அதிகமாக இருக்க வேண்டும். காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலையே பனிநிலை. குளிர்ந்த பானம் உள்ள குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதைப்போல எஃகும் வியர்க்கும். சிங்கப்பூரில் சூரிய உதயத்துக்கு முன் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது வழக்கம். மழையில்லாத நாளின் பிற்பகலில் அது 60 விழுக்காடு அளவுக்கு இறங்கும். நம் ஊரில் இந்த வேலை ஏன் கடிகாரத்தையும் வானத்தையும் பார்த்தே நடக்கிறது என்பது இதிலிருந்து புரியும்.

நான் எழுதிய பொய்யான எண்

இவற்றையெல்லாம் நான் கல்லூரியிலேயே படித்திருந்தேன். அரிமானப் பாடத்தில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். இருந்தும் ஒரு நாள் என்ன செய்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

பயிற்சியின் மூன்றாம் மாதம். ஒரு படகுத்துறைக்குப் போகவேண்டிய பன்னிரண்டு குழாய்த் தாங்கிகள். மறுநாள் அனுப்பியாக வேண்டும். பிற்பகலில் பிளாஸ்டிங் முடிந்தது. மூன்று மணிக்கு நான் மீட்டரைப் பிடித்தேன். காற்று 32 டிகிரி, ஈரப்பதம் 65 விழுக்காடு, பனிநிலை ஏறத்தாழ 24.5, எஃகு 33. எல்லாம் சரி. ஆனால் சாயம் தெளிப்பவர் வேறு வேலையில் இருந்தார். நான்கரைக்கு மழை பிடித்துக்கொண்டது. கொட்டகையின் ஒரு பக்கம் திறந்திருந்தது.

ஆறு மணிக்குத் தெளிப்பவர் வந்தார். பரிசோதகர் வேறு இடத்திலிருந்து தொலைபேசியில், “அளவெல்லாம் சரியா இருந்தா ஆரம்பிக்கச் சொல்லு” என்றார். என் கையில் படிவம். அதில் ‘தெளிப்பதற்குச் சற்றுமுன்’ என்ற தலைப்பின்கீழ் நான்கு கட்டங்கள் காலியாக இருந்தன. எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் மூன்று மணி எண்களையே லேசாக மாற்றி அந்தக் கட்டங்களில் எழுதினேன்.

பிளாஸ்டிங் செய்த அண்ணன் அப்போதுதான் உடையைக் கழற்றிவிட்டு வந்திருந்தார். பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர். இந்தத் தொழிலில் பதினைந்து ஆண்டு அனுபவம். முதல் நாள் என்னை ‘மேடம்’ என்று அழைத்தார். வேண்டாம் என்று நான் சொன்னதிலிருந்து ‘தங்கச்சி’.

“தங்கச்சி, இப்ப மீட்டர் வச்சுப் பாத்தீங்களா?”

“மூணு மணிக்குப் பாத்தேண்ணே. நல்லாத்தான் இருந்துச்சு.”

“மூணு மணி வெயிலு. இப்ப மழையில்ல பேஞ்சிருக்கு” என்றவர், கைவிளக்கை எடுத்துத் தாங்கியின் அடிப்பக்கத்தில் அடித்தார். சாம்பல் நிறத்தில் இருக்கவேண்டிய எஃகு, வெல்டிங் ஓரங்களில் லேசாகத் தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தது. புதிதாக அடித்த எஃகு ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே இப்படித் துருப்பிடிக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது.

மீட்டரை வைத்தேன். ஈரப்பதம் 90. எஃகுக்கும் பனிநிலைக்கும் இடையே 3 டிகிரிகூட இல்லை.

“இன்னைக்கு அடிச்சா நாளைக்குப் பளபளன்னுதான் இருக்கும். யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க. கடல் பக்கம் போயி நின்னாத்தான் தெரியும்” என்றார் அண்ணன்.

அவர் இன்னொன்றையும் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. தாங்கிகளை மறுபடியும் பிளாஸ்டிங் செய்ய வேண்டியவர் அவர்தான். கனமான உடை, காற்றுக்குழாய் பொருத்திய தலைக்கவசம், நூறு டெசிபலைத் தாண்டும் இரைச்சல், கையை விட்டால் நின்றுவிடும் கைப்பிடியை மணிக்கணக்கில் அழுத்திப் பிடித்திருக்கும் வலி எல்லாம் அவருக்குத்தான். தங்குவிடுதிக்குப் போகும் ஏழு மணி லாரியை விடப்போகிறவரும் அவர்தான். பேசாமல் இருந்திருந்தால் அவருக்கு எந்த நட்டமும் இல்லை. படிவத்தில் அவர் பெயர்கூடக் கிடையாது. நட்டம் முழுவதும் யாருக்கோ அவர் உண்மையைச் சொன்னார். பேனாவைப் பிடித்திருந்த நான் சொல்லவில்லை.

பரிசோதகரை அழைத்து நடந்ததைச் சொன்னேன். சிறிது நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு, “நிறுத்து” என்றார். எழுதிய எண்களைக் குறுக்கே கோடிட்டு அடித்து, பக்கத்தில் சரியான எண்களை எழுதிக் கையெழுத்திட்டேன். அன்றிரவே கறை படிந்த பகுதிகளை அண்ணன் மறுபடி அடிக்கத் தயாராக இருந்தார். ஈரம் குறையாததால் மறுநாள் காலை பத்து மணிக்குமேல்தான் தொடங்க முடிந்தது. நண்பகலில் சாயம் தெளித்தார்கள். பொருள் ஒரு நாள் தாமதமாகப் போனது. மேலாளர் முகம் சுளித்தார். யாரையும் யாரும் பாராட்டவில்லை.

ஆய்வுக்கூடத்தில் தொடங்கும் பழக்கம்

அந்த எண்களை ஏன் எழுதினேன் என்று பல நாள் யோசித்தேன். சோம்பலா? மீட்டர் என் பையில்தான் இருந்தது. அறியாமையா? சூத்திரம் எனக்குத் தெரியும். பழக்கம்தான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

மனத்தைத் தொட்டுச் சொல்லுங்கள். அறிவியல் ஆய்வுக்கூடத்தில் ஓர் அளவு விடுபட்டால், வரைபடம் எப்படி வர வேண்டும் என்று பார்த்து அதற்குப் பொருத்தமான எண்ணை நாம் எழுதியதில்லையா? குழுத் திட்டப்பணியில் பத்துப் பேரிடம் கேட்டுவிட்டு, முப்பது பேரிடம் கேட்டதாகப் போட்டதில்லையா? காலியான கட்டம் மதிப்பெண்ணைக் குறைக்கும், நிரப்பிய கட்டம் குறைக்காது என்பதை நாம் சிறு வயதிலேயே கற்றுவிடுகிறோம். வகுப்பில் அதனால் யாருக்கும் அடிபடுவதில்லை. பட்டறையில் அதே கை அதே வேலையைச் செய்கிறது.

மேற்பரப்பைத் தயார்செய்யும் வேலையை மற்ற வேலைகளிலிருந்து வேறுபடுத்துவது ஒன்று உண்டு. சாயத்தின் தடிமனை நாளைக்கும் அளக்கலாம். நிறத்தை அடுத்த வாரமும் பார்க்கலாம். ஆனால் சாயம் ஏறிய பிறகு அடியில் உப்பு இருந்ததா, ஈரம் இருந்ததா என்று உரிக்காமல் யாரும் பார்க்க முடியாது. அதைப் பார்க்கும் வாய்ப்பு சில மணி நேரத்துக்கு மட்டுமே, அங்கே நிற்கும் சிலருக்கு மட்டுமே கிடைக்கிறது. அவர்கள் எழுதும் எண்ணைத்தான் பின்னால் வரும் எல்லாரும் நம்ப வேண்டும்.

இது சின்ன விஷயமல்ல. 1999 டிசம்பர் 12ஆம் தேதி, ‘எரிக்கா’ என்ற எண்ணெய்க் கப்பல் பிரான்சின் பிரிட்டனி கரைக்கு அப்பால் புயலில் இரண்டாக உடைந்து மூழ்கியது. ஆயிரக்கணக்கான டன் கனரக எண்ணெய் கடலில் கலந்து, கடற்பறவைகள் பெருமளவில் மடிந்தன. 1975ல் கட்டப்பட்ட அந்தக் கப்பலின் உள்ளே எஃகு கடுமையாக அரித்துப்போயிருந்ததை விசாரணை சுட்டியது. வெளியே இருந்து பார்ப்பவருக்குக் கப்பலின் உள்தொட்டிகள் தெரிவதில்லை.

2006 டிசம்பரில் அனைத்துலகக் கடல்துறை அமைப்பு, புதிய கப்பல்களின் கடல்நீர்த் தொட்டிகளுக்கான சாயப் பாதுகாப்புத் தரநிலையை ஏற்றுக்கொண்டது. 15 ஆண்டு நல்ல நிலையில் நிற்கும் சாயமே அதன் இலக்கு. நான் மேலே சொன்ன எஸ்ஏ 2½, 50 மில்லிகிராம், 85 விழுக்காடு, 3 டிகிரி எல்லாம் அதில் உள்ளவை. அதைப் படித்தால் சாயத்தைப் பற்றிச் சொல்வதைவிட, சாயத்துக்கு முன் செய்ய வேண்டியவற்றைப் பற்றியே அது எவ்வளவு சொல்கிறது என்பது வியப்பளிக்கும். கூரான விளிம்புகளை 2 மில்லிமீட்டர் அளவுக்கு வளைவாக அரைக்கச் சொல்கிறது. ஏனென்றால் கூரான விளிம்பில் சாயம் நிற்காமல் விலகி மெலிந்துவிடும். முக்கியமாக, பணியின்போது எடுத்த அளவுகள் அடங்கிய கோப்பு கப்பலின் ஆயுள் முழுவதும் அதனுடனேயே இருக்க வேண்டும் என்கிறது. ஒரு பயிற்சி மாணவி மாலை ஆறு மணிக்கு எழுதும் எண்ணும் அப்படியொரு கோப்பில் போய்ச் சேரலாம்.

நல்ல எடுத்துக்காட்டும் உண்டு. ஸ்காட்லாந்தில் 1890ல் திறக்கப்பட்ட ஃபோர்த் ரயில் பாலத்துக்கு ஒரு முனையில் சாயம் பூசி முடிப்பதற்குள் மறுமுனையில் மீண்டும் தொடங்க வேண்டும் என்று சொல்வார்கள். முடிவே இல்லாத வேலைக்கு அந்தப் பாலத்தின் பெயர் ஆங்கிலத்தில் மரபுத்தொடராகவே ஆகிவிட்டது. சுமார் பத்தாண்டு நடந்து 2011ல் முடிந்த பணியில், நூறு ஆண்டுக்கும் மேலாகச் சேர்ந்திருந்த சாயப் படலங்களை பிளாஸ்டிங் மூலம் எஃகு தெரியும்வரை நீக்கி, புதிய சாயத்தை மூன்று பூச்சாகப் பூசினார்கள். இனிக் குறைந்தது 25 ஆண்டு தாங்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். சாயமும் முன்னேறியிருந்தது, உண்மைதான். ஆனால் பழையதன்மேல் அதையே பூசியிருந்தால் அந்த முன்னேற்றம் பழைய துருவின்மேல்தான் உட்கார்ந்திருக்கும்.

சிலர் சொல்லும் மறுப்பு

இதைப் பற்றிப் பேசும்போது என் வகுப்பு நண்பர் ஒருவர், “இன்னும் சில வருஷத்துல இயந்திர மனிதனே எல்லாத்தையும் செஞ்சிடும்” என்றார். கப்பலின் பரந்த வெளித்தகட்டில் உயர் அழுத்த நீரைப் பீய்ச்சும் இயந்திரங்கள் ஏற்கெனவே வேலை செய்கின்றன. தூசி குறைவு, ஆபத்தும் குறைவு. அவை பெருக வேண்டும் என்றே நானும் விரும்புகிறேன். ஆனால் நீர் பழைய சொரசொரப்பை வெளிக்கொண்டு வருமே தவிரப் புதிதாக உண்டாக்காது. துரு முதலில் தொடங்குவது மூலைகளிலும் வெல்டிங் ஓரங்களிலும் தாங்கியின் பின்புறத்திலும்தான். அங்கே இன்றும் மனிதக் கையும் கைவிளக்கும் தேவைப்படுகின்றன.

துருவின்மேலேயே பூசக்கூடிய எப்பாக்சி வகைகள் கிடைக்கின்றன என்றும் சொல்வார்கள். கிடைக்கின்றன. ஆனால் அவையும் உதிரும் துரு, எண்ணெய், உப்பு ஆகியவற்றை நீக்கச் சொல்கின்றன. பழுதுபார்ப்புக்கு அவை உதவும். தயாரிப்பே வேண்டாம் என்பதற்கான அனுமதிச் சீட்டு அல்ல.

நேரமும் செலவும்தான் உண்மையான மறுப்பு. ஒரு நாள் தாமதம் ஒரு நிறுவனத்துக்குப் பணம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பட்டறையில் தரையில் வைத்துச் செய்யும் வேலையைக் கடலின் நடுவே சாரக்கட்டு கட்டி, குழாயை நிறுத்தி வைத்துச் செய்தால் ஆகும் செலவை யார் கணக்குப் பார்க்கிறார்கள்? பெரும்பாலும் முதல் செலவு ஒருவருக்கு, இரண்டாவது செலவு வேறொருவருக்கு. அதனால்தான் முதல் இடத்தில் சுருக்குவழி இவ்வளவு எளிதாகிறது.

நான் கேட்பது மூன்று

முதலாவது கல்லூரிகளுக்கு. அரிமானத்தைப் படங்களிலிருந்து மட்டும் கற்பிக்க வேண்டாம். முதலாண்டிலேயே மாணவர்கள் கையில் இரண்டு எஃகுத் தகடுகளைக் கொடுக்கலாம். ஒன்றைத் துணியால் துடைத்துவிட்டுச் சாயம் பூசட்டும். மற்றதைக் கழுவி, தேய்த்து, மறுபடி துடைத்துப் பூசட்டும். இரண்டிலும் ஒரு கீறல் போட்டு உப்பு நீரில் நனைத்துப் பருவ இறுதியில் பார்க்கட்டும். அந்தத் தகட்டை யாரும் மறக்க மாட்டார்கள். கூடவே, ‘அளக்கவில்லை’ என்று நேர்மையாக எழுதும் மாணவருக்கு, கற்பனை எண்ணை எழுதியவரைவிடக் கூடுதல் மதிப்பெண் கொடுங்கள்.

இரண்டாவது நிறுவனங்களுக்கு. பிளாஸ்டிங் செய்பவரின் பெயரும் கருத்தும் படிவத்தில் இடம்பெறட்டும். எஃகை மிக அருகில் பார்ப்பவர் அவர்தான். ‘இன்று பூச வேண்டாம்’ என்று சொல்ல அவருக்கு உரிமை வேண்டும். சொன்னதற்காக அவர் இரவுச் சாப்பாட்டையோ லாரியையோ இழக்கக்கூடாது. வெளிநாட்டு ஊழியர்களைப் பற்றி நாம் பேசும்போது இரக்கத்தோடு பேசுகிறோம். இரக்கம் நல்லதுதான். ஆனால் அவர்களிடம் உள்ள தேர்ச்சியை மதிப்பதும் அதைக் கேட்டு நடப்பதும் அதைவிட மேல்.

மூன்றாவது நமக்கு. வேலையிடப் பயிற்சிக்குப் போகும்போது, ‘இது என்ன பெயிண்ட் வேலை’ என்று என்னைப்போல் முகம் சுளிக்காதீர்கள். வேதியியல், வானிலை, இயந்திரவியல், மனித இயல்பு நான்கும் ஒரே கொட்டகையில் கிடைக்கும் இடம் அது. சாயப் பரிசோதகருக்கு அனைத்துலகச் சான்றிதழ்கள் உள்ளன, வாழ்க்கைத் தொழிலாகவே அதை எடுத்துக்கொள்ளலாம். எந்தத் துறைக்குப் போனாலும் சரி, பேனாவைக் கட்டத்தில் வைப்பதற்கு முன் மீட்டரை எஃகில் வையுங்கள். அளக்கவில்லை என்றால் கட்டத்தைக் காலியாக விடுங்கள். காலியான கட்டத்தைப் பார்த்தால் யாராவது கேட்பார்கள். பொய்யான எண்ணைப் பார்த்து யாரும் கேட்க மாட்டார்கள்.

சென்ற தீபாவளிக்கு அப்பாவிடம் கேட்டுச் சாய வேலையை ஒரு மாதம் முன்னதாகவே தொடங்கினேன். பழைய சாயத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் முகக்கவசம் அணிந்து, தூசி பறக்காமல் ஈரத்தோடு தேய்த்தேன். முதலில் சவர்க்கார நீரால் கழுவினேன். உதிரும் சாயத்தைச் சுரண்டி, துருவைத் தேய்த்து, நல்ல நீரால் அலசி, வெயில் ஏறிய பிறகு துடைத்து, பிரைமர் பூசி, அதன் பிறகே சாயம். இரண்டு சனிக்கிழமைகள் போயின. “ஒரு கேட்டுக்கு இவ்வளவு கூத்தா?” என்றார் அப்பா.

தீபாவளியன்று வந்தவர்கள் யாரும் எந்த வேறுபாட்டையும் கவனிக்கவில்லை. முந்திய ஆண்டு போலவேதான் கேட் பளபளத்தது. சீனப் புத்தாண்டு வந்து போனது. நோன்புப் பெருநாளும் வந்து போனது. போன வாரம் அப்பா குனிந்து கீழ்க் கம்பிகளை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு மூலையில் மட்டும், கம்பித் தூரிகை எட்டாத வெல்டிங் ஓரத்தில், ஒரு சிறிய கொப்புளம் இருந்தது. அது நான் சரியாகத் தேய்க்காத இடம். எனக்குத் தெரியும்.